திரை உறைந்தபோது அடித்த நான்கு வரிகள்

போன மாதம் துணுக்காய்ச் சந்திக்குப் பக்கத்திலுள்ள போன் கடையொன்றுக்கு, பேத்தியின் பிறந்தநாள் அழைப்பிதழ் அடிப்பிக்கப் போயிருந்தேன். கடைப்பிள்ளை படபடவென்று அடித்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு வரி முடியும்போதும் என் கண் அவளுடைய விரல்களுக்குப் போனது. கடைசியில் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"பிள்ளை, சேவ் பண்ணேல்லையே?"

"அது தன்ர பாட்டில சேவாகும், அங்கிள். நீங்க கதிரையில இருங்கோ."

இருந்தேன். கணினிப் பெட்டியின் பின்னாலிருந்து வந்த காற்று சரியாக என் முகத்தில் பட்டது. சூடேறிய தூசியும் பல்லி எச்சமும் கலந்த அந்த வாசம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அது ஒரு பயத்தின் வாசம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

போர் முடிந்து மீள்குடியேறி வந்த முதல் வருடங்களில், பழைய நெற்களஞ்சியம் ஒன்றைச் சுத்தமாக்கி அதில் கணினி நிலையம் நடத்தினோம். எவ்வளவு கழுவியும் உமி வாசம் போகவில்லை. யாரோ நல்ல மனிதர்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பாவித்த கணினிகள் அவை. சில கீபோட்டுகளில் இசட்டும் வையும் இடம் மாறிக் கிடந்தன, ஜேர்மன்காரர் பாவித்தவையாம். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லாததால் எல்லாவற்றிலும் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டிருந்தோம். போட்டவன் நான்தான். புத்தகங்களை வாசித்தே எல்லாவற்றையும் கற்றுவிடலாம் என்று நம்புகிற ஆட்களில் நானும் ஒருவன்.

மவுஸ்தான் எங்களுக்குப் பெரிய தொல்லை. வயிற்றுக்குள் உருண்டை இருந்த பழைய மவுஸ்களில் கிரவல் ரோட்டுப் புழுதி ஏறி, திரையில் சுட்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். நகத்தால் சுரண்டி எடுக்கவேண்டும். மழைக்காலத்தில் வயரை எலி கடித்துவிடும். "அண்ணை, மவுஸை அதின்ர சொந்தக்காரன் கடிச்சுப்போட்டான்" என்று சொல்லிக்கொண்டு வருவாள் சுகி. சுகி அவளுடைய பெயர் அல்ல. இங்கே அப்படி வைத்துக்கொள்வோம். காலை வகுப்புகளை அவள்தான் எடுத்தாள்.

மற்றத் தொல்லை கரண்ட். காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே போய்விடும். அதனால் நான் சொல்லிக்கொடுத்த முதற்பாடம் எழுத்து அடிப்பது அல்ல. கொன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமத்துவது. அதாவது சேவ் பண்ணுவது. கோயிலைக் கண்டால் கை தன்பாட்டில் கும்பிடுமே, அப்படி அது எங்கள் எல்லாருக்கும் பழகிப்போயிற்று. திடுக்கிட்டாலும் கை அங்கேதான் போகும்.

லினக்ஸின் கறுப்புத் திரையில், வெறும் எழுத்துகளால் கட்டளை கொடுக்கிற இடத்தில், அதே இரண்டு விசைகளுக்கு வேறு அர்த்தம். திரையை அப்படியே நிறுத்து என்பது அது. மிகப் பழைய காலத்துக் கட்டளை. திரை உறைந்துவிடும், அடிப்பது எதுவும் தெரியாது. ஆனால் கணினி அடித்ததையெல்லாம் கேட்டு வரிசையில் வைத்திருக்கும். கொன்ட்ரோலையும் கியூவையும் அமத்தினால் அவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டும். இதை நான் வாசித்திருந்தேன். வாசித்தது வேண்டிய நேரத்தில் வரவேண்டுமே.

எதற்கும் திகதி போட்டு எழுதி வைக்கிற ஆள் நான். மழை பெய்த திகதி, குளம் நிரம்பி வான் பாய்ந்த திகதி, பஸ் முதன்முதல் வந்த திகதி என்று எல்லாம் இருக்கும். நான் சொல்லப்போகிற அந்த நாளின் திகதியும் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே எழுதவில்லை. இன்றைக்கும் எனக்கு அந்தளவு துணிவில்லை.

அன்று காலை ஒரு கணினியில் சுட்டி அசையவில்லை. கறுப்புத் திரைக்குப் போய், மவுஸைக் கணினி கண்டுகொண்டதா என்று பார்க்கச் சொன்னேன். சுகி கட்டளையை அடித்தாள். வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளொன்று வந்து எங்கள் வாசலில் நின்றது. சுகி திடுக்கிட்டதைப் பார்த்தேன். அவள் கை எங்கே போனதென்று பார்க்கவில்லை. திரை உறைந்தது.

வந்தவர்கள் இரண்டு பேர், சிவில் உடுப்பில் வந்த புலனாய்வு ஆட்கள். ஒருவர் வாசலில் நின்றார். மற்றவர் உள்ளே வந்து சுகியின் முதுகுக்குப் பின்னால் நின்றார். தமிழ் தெரிந்தவர்.

"இது என்ன?"

"மவுஸ் வேலை செய்யேல்லை, சேர். அதைத்தான் பாக்கிறம்."

"மவுஸுக்கு இவ்வளவு எழுத்தா? என்ன அழிக்கிறீங்க?"

"ஒண்டும் அழிக்கேல்லை, சேர்."

"அப்ப ஏன் இப்பிடியே நிக்குது? நான் வந்தோடன நிப்பாட்டினதா?"

அவர் சுகியின் பக்கம் குனிந்தார். "வேலை செய்யுது எண்டா காட்டுங்க. ஏதாவது அடிங்க."

சுகி அடித்தாள். திரையில் ஒரு புள்ளியும் அசையவில்லை. எண்டரை அமத்தினாள், மறுபடி அடித்தாள். நான்கு முறை எண்டர் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கியூ. கீபோட்டை நோக்கிக் கையை நீட்டினேன்.

"அண்ணை, தொடாதேங்கோ."

திரும்பிப் பார்க்காமல், உதட்டுக்குள்ளேயே சொன்னாள். காரணம் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டபின் என் கை தானாக மடங்கிவிட்டது.

"கீபோட்டும் பழுது போல, சேர்" என்றேன்.

அவர் வாசலில் நின்றவரைக் கூப்பிட்டு வயரைக் கழற்றச் சொன்னார். பெட்டியின் விசிறி சூடான தூசி வாசத்தை என் முகத்தில் ஊதிவிட்டு முனகி நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பழுதான மவுஸை மட்டும் பெரிய மனதோடு எங்களுக்கு விட்டுவைத்தார்கள்.

மோட்டார் சைக்கிள் சத்தம் முழுவதாக அடங்கிய பிறகுதான் நான் கேட்டேன். "என்ன பிள்ளை அடிச்சனீ?"

"ஏதாவது அடி எண்டார். எனக்கு வேற ஒண்டும் வரேல்லை, அண்ணை. என்ர பேர், அப்பான்ர பேர், ஊர், நம்பர்."

"என்ன நம்பர்?"

"கையெழுத்து வைக்கப் போகேக்க சொல்லுற நம்பர்."

சுகி, போர் முடிந்ததும் இயக்கத்தில் இருந்தவர்களை அடைத்துவைத்த புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தவள். வாரம் ஒருமுறை படையினரின் அலுவலகத்துக்குப் போய் அந்த நான்கையும் சொல்லிக் கையெழுத்து வைக்கவேண்டும். இடையில் கூப்பிட்டாலும் போகவேண்டும். அப்படிப் போனவர்கள் எல்லாரும் அன்றைக்கே திரும்பி வரவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்று கேட்டால் அவளுடைய விரல்களுக்கு அந்த நான்கைத் தவிர வேறு பதில் தெரியாது. நான் கியூவை அமத்தியிருந்தால், எதையோ அழிப்பதாகச் சந்தேகப்பட்ட ஆளின் கண்முன்னால், முகாம் நம்பரோடு அவள் பெயர் வந்து நின்றிருக்கும்.

இப்போது அந்தப் பெட்டி அவர்கள் கையில். உறைந்த திரையில் அடித்ததை அது எங்காவது எழுதி வைத்திருக்குமா?

அடுத்த நாட்களை நான் விவரிக்க விரும்பவில்லை. சுகி வந்தாள், சுவரோரமாக இருந்தாள், கீபோட்டைத் தொடவில்லை. ரோட்டில் எந்த வண்டியின் வேகம் குறைந்தாலும் இருவரும் வகுப்பின் நடுவே பேச்சை விட்டுவிடுவோம். பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கையெழுத்து வைக்கப் போகிற நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி செய்து பார்ப்பது. கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு கணினியில் அதே கறுப்புத் திரையை உறைய வைத்தேன். நான்கு வரி அடித்தேன். வயரை இழுத்தேன். திரும்பவும் போட்டு, மூலை முடுக்கெல்லாம் தேடினேன். எதுவும் இல்லை. வரிசையில் நின்ற எழுத்துகள் கணினியின் சேமிப்பு வட்டில் ஏறவே இல்லை. கரண்ட்டோடு போய்விட்டன. கியூவை அமத்தி விடுவித்துப் பார்த்தபோதுதான், கொடுத்த கட்டளைகளின் கோப்பில் அவை ஏறி உட்கார்ந்தன.

சுகியிடம் சொன்னேன். உடனே நம்பவில்லை.

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"மூண்டு தரம் செய்து பாத்தன். மூண்டாந் தரம் வயரை இழுத்ததில அந்தக் கணினியும் செத்துப்போச்சு."

"ஆற்ற பேரை அடிச்சனீங்கள்?"

"என்ர பேரைத்தான். வேற ஆற்ற பேரை அடிக்கிறது?"

அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "அப்ப நான் அதுக்குள்ள இல்லைத்தானே, அண்ணை?"

"இல்லை, பிள்ளை."

கையெழுத்து வைக்கப் போனவள் மத்தியானத்துக்கு முன்னம் திரும்பி வந்தாள். அதுவரை நான் வாசற்படியிலேயே இருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

அந்த நிலையம் இப்போது இல்லை. கடைசியாகப் போனபோது அந்தக் கட்டிடத்தில் உர மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள், உமி வாசமும் போய்விட்டது. கணினிகள் இரும்பு விலைக்குப் போயின. கொண்டுபோன பெட்டி திரும்பி வரவில்லை, நாங்கள் கேட்டுப் போகவும் இல்லை. சுகி எங்கோ தொலைதூரத்தில், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். இந்த ஊர்ப்பக்கத்தில் அழிந்துபோனவை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன், எல்லாமே துக்கத்தோடு எழுதியவை. அந்த நான்கு வரிகள் அழிந்ததை மட்டும்தான் நன்றியோடு எழுதுகிறேன்.