சத்தம் வந்தது, படம் நகரவில்லை

"உங்க சித்தி யுனிவர்சிட்டில என்ன வேலை பாக்குறாங்க?" என்று என் தோழியின் அம்மா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி வைத்தேன். "அப்போ எங்க வீட்டு பிரிண்டரையும் வந்து பாக்கச் சொல்லும்மா" என்றார்.

பள்ளித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் சித்தியோடு கிளம்பிவிடுவேன். நூலகத்தின் இரண்டாம் மாடியில் அவளுடைய அறை. ஒரு நீள மேசை, இரண்டு கம்ப்யூட்டர், மூன்று நாற்காலிகள். ஒரு நாற்காலிக்குக் கால் ஆடும். அதில் சித்திதான் உட்காருவாள். பாடத்தை இணையத்தில் ஏற்ற, வகுப்பைப் பதிவு செய்ய, பேராசிரியர்கள் வழி கேட்டு அங்கே வருவார்கள். பலர் அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்.

யார் வந்தாலும் சித்தி மவுஸைத் தொடமாட்டாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, "மேல வலது பக்கம் பாருங்க" என்பாள்.

"ரெண்டு தட்டு தட்டுனா முடியிற வேலைக்கு அரை மணி நேரமா?" என்று ஒரு பேராசிரியை அலுத்துக்கொண்டார்.

"நான் தட்டுனா இங்க முடிஞ்சிடும் மேடம். நாளைக்கு உங்க வகுப்புல நான் இருக்க மாட்டேனே."

அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் கணக்குப் பேராசிரியர். அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடக்க இருந்தது. அதன்பின் மூன்று மாதம் வாய் திறக்கக் கூடாது. கடைசி வருட மாணவர்களுக்கு அவர் நடத்தும் பாடத்தை எடுக்க வேறு ஆள் இல்லை. அதனால் காலி வகுப்பறையில் நின்று பதினான்கு பாடங்களையும் தானே முன்கூட்டிப் பதிவு செய்து, தானே ஏற்றினார். சித்திக்குப் பெருமை பிடிபடவில்லை.

பாடம் தொடங்கிய முதல் நாளே மாணவர்களிடமிருந்து செய்தி வந்தது: சத்தம் வருகிறது, படம் நகரவில்லை.

சித்தி திறந்து பார்த்தாள். அவர் கரும்பலகையில் எழுதி நடத்தியிருந்தார். படமாகப் பதிவானதோ கம்ப்யூட்டரின் திரை மட்டும். "இதைப் பாருங்க, இது இங்க வந்து உக்காருது" என்கிறது குரல். திரையில் பாடத்தின் தலைப்பைத் தவிர ஒன்றுமில்லை. நடுவில், "பின் பெஞ்சு, தூங்காதீங்க" என்று காலி வகுப்பை அதட்டுகிறார். நான் சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. பதினான்கும் அதே கதி.

அவருக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

துறைத் தலைவர் மாடியேறி வந்தார். "வேற வழியில்ல. பாடத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிடலாம்." தள்ளினால் இருபத்தாறு பேரின் பட்டமும் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

"தப்பு என்னோடது சார்," என்றாள் சித்தி. "தொடக் கூடாதுன்னு வீம்பா இருந்தவ, கூட உக்காந்து பதிவானதைப் பாக்காமலும் விட்டுட்டேன். பத்து நாள் குடுங்க."

மறுநாள் பேராசிரியர் கழுத்தில் துண்டும் கையில் நோட்டுமாக வந்தார். தலைகவிழ்ந்து மேசையைப் பார்க்கும் கேமரா ஒன்றைச் சித்தி அவர் முன் நகர்த்தினாள்.

"குரல் நல்லா இருக்கு சார். எழுத்துதான் இல்ல. உங்க குரலைப் போட்டுக் கேட்டுக்கிட்டே பேப்பர்ல எழுதுங்க. கேமரா அதைப் பிடிச்சுக்கும். வாயே வேணாம்."

குரல் நாலாவது வரிக்குப் போனபோது பேனா முதல் வரியில் நின்றது. மறுபடி போட்டார். மறுபடியும் குரல் ஓடிப்போனது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மவுஸைச் சித்தி பக்கம் தள்ளினார். 'நீயே நிறுத்தி நிறுத்திப் போடும்மா' என்று நோட்டில் எழுதிக் காட்டினார்.

சித்தியின் கை மடியிலிருந்து எழுந்தது. நான் பார்த்தேன். பிறகு மடிக்கே திரும்பியது.

"பதினாலு பாடம் சார். மீதியெல்லாம் வீட்ல நீங்கதான் செய்யணும். தொண்டையை வச்சுக்கிட்டுத் தினம் மாடி ஏற முடியுமா?"

அவர் முறைத்தார். ஆனால் மவுஸை எடுத்துக்கொண்டார். எழுதும் இடம் வந்ததும் குரலை நிறுத்தி, எழுதி, மறுபடி ஓடவிட்டார். அரை மணி கழித்து நோட்டை எங்கள் பக்கம் திருப்பினார்.

'இந்த ஆள் ரொம்ப வேகமாப் பேசறான்.'

சித்தி சிரித்ததில் கால் ஆடும் நாற்காலி சாயப் பார்த்தது. "முப்பது வருஷமாப் பசங்க சொல்லியிருப்பாங்களே சார்?"

'என் காதுல விழல' என்று எழுதினார்.

அன்று அவரை எழவிடாமல் முதல் மூன்று நிமிடத்தை முழுதாகப் பார்க்க வைத்தாள். படம் நகர்ந்தது. கேமராவை அவர் வீட்டுக்கு எடுத்துப்போனார். பத்து நாளில் ஐந்து பாடங்கள் ஏறின. மீதியும் வாரம் தவறாமல் வந்தன. பாடம் தள்ளிப்போகவில்லை. இருபத்தாறு பேரும் தேர்வு எழுதினார்கள். இருபத்தைந்து பேர் அந்த வருடமே பட்டம் வாங்கினார்கள். ஒருவன் வேறொரு பாடத்தில் கோட்டை விட்டான், அதற்குச் சித்தி பொறுப்பல்ல. குரல் திரும்பிய பிறகும் கணக்குப் பேராசிரியர் எழுதும்போது பேச்சை நிறுத்திக்கொள்கிறாராம்.

தோழியின் அம்மா இப்போது கேட்டால் சொல்லிவிடுவேன்: தன்னால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலையை, அடுத்தவர் கையால் முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் சித்தியின் வேலை. பிரிண்டரும் அவளுக்குப் பார்க்கத் தெரியும், அது வேறு.

பாடம் பதிவு செய்யும் ஆசிரியர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். முதல் மூன்று நிமிடத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.