கட்டைவிரல் அகலத்தில் ஒரு பெல்ட்

"ஜூலை 9: வைக்கிங் பெல்ட், ஆண்களுக்கானது, ஒன்று. அகலம் 40 மில்லிமீட்டர். கூரியரில் போனது." அதற்குக் கீழே ஜூலை 22 என்று தேதியிட்டு, "திரும்பி வந்தது. அகலம் இருமடங்கு."

சென்ற ஆண்டின் சாம்பிள் ரிஜிஸ்டரில் இருக்கும் இந்த இரண்டு குறிப்புகளும் என் கையெழுத்து. பெங்களூரு பொம்மனஹள்ளியில் தோல் பொருட்கள் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில், எந்த மாதிரி எப்போது போனது, எப்போது வந்தது என்று எழுதி வைப்பது என் வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் படங்களை அச்செடுத்துக் கொடுப்பதும் நான்தான்.

பெல்ட் கேட்டது வடக்கு ஐரோப்பாவில் உள்ள ஒரு சிறிய கடை. அங்கே கோடைக்காலத்தில் சிலர், ஆயிரம் ஆண்டுக்கு முன் அங்கே வாழ்ந்த கடலோடிகளான வைக்கிங்குகளைப் போல உடுத்திக்கொண்டு கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். அவர்களுக்கு உடை விற்கும் கடை அது. மாதிரிக்காக ஒரு அருங்காட்சியகப் படத்தை அனுப்பியிருந்தார்கள். ஒரு கல்லறையில் கிடைத்த வெண்கல பக்கிள், பெல்ட் நுனியில் மாட்டும் வெண்கலத் தகடு, பக்கிளோடு ஒட்டிய ஒரு துண்டுத் தோல். அவ்வளவுதான் படத்தில்.

எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் படத்தை அசல் அளவிலேயே அனுப்புவார்கள். தோலின் மேல் தாளை வைத்து அப்படியே வெட்டிவிடலாம். இந்தப் படமும் அப்படித்தான் என்று நினைத்துத் தாள் நிறைய அச்செடுத்துக் கொடுத்தேன். அடியில் அளவுகோல் ஒன்று வரைந்திருந்தது. நான் பார்த்தது படத்தின் தேதியை மட்டும்.

வெட்டித் தைத்தவர் ஆம்பூர்க்காரப் பெண். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒட்டித் தைக்கும் லைனிலிருந்து சாம்பிள் மேசைக்கு அவர் வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. லைனில் நாள் முழுக்கப் பசை வாடை. அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. சாம்பிள் மேசை ஜன்னலோரத்தில் இருந்தது.

திரும்பி வந்த பெல்ட்டை மேனேஜர் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"ஏன்மா, எமதர்மனுக்கா தைச்சே? எருமைக்கும் சேர்த்து சுத்தலாம் போல இருக்கே. இன்னொரு தடவை ரிட்டர்ன் வந்துச்சுன்னா நீ லைனுக்கே போயிடு."

அந்தப் பெண் பெல்ட்டை வாங்கி மேசையில் வைத்தார். மேனேஜர் போன பிறகு படத்தைக் கணினியில் திறந்தேன். அளவுகோலைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. தோலின் அகலம் இருபது மில்லிமீட்டருக்கும் சற்றே குறைவு.

"தப்பு என்னுதுமா," என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், தன் கட்டைவிரலைப் பார்த்தார். "அப்போ அந்தாளைக் குண்டாக்குனது நீங்கதானா? இன்னா சார், இது ஸ்கூல் பசங்க பெல்ட்டவிட ஒல்லியா இருக்குது. கப்பல்ல போயி சண்டை போட்டவன் இதையா கட்டியிருப்பான்?"

அன்று மாலை தேடித்தேடிப் படித்தேன். அதையேதான் கட்டியிருக்கிறார்கள். கையகலத்தில் சித்திர வேலையோடு கடைகளில் விற்பதெல்லாம் இந்தக் காலத்துக் கற்பனை. கல்லறைகளில் கிடைத்த பக்கிள்களில் மிகப் பல, மெலிந்த வாருக்கானவை. சட்டையில் பை கிடையாது. கத்தி, சாணைக்கல், நெருப்பு உண்டாக்கும் இரும்பு, சிறு பை என்று எல்லாவற்றையும் அந்த மெல்லிய வாரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். தோல் மண்ணில் மட்கிவிடும். வெண்கலத்தை ஒட்டியிருக்கும் தோலை மட்டும் செம்பின் உப்பு சில சமயம் காப்பாற்றுகிறது. ஆளே மண்ணாகிப் போன இடத்தில் ஒரு விரற்கடைத் தோல் ஆயிரம் ஆண்டு கிடந்திருக்கிறது. படிப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவரிடம் சொன்னபோது, "பொம்பளைங்க?" என்று கேட்டார். பெண்களின் கல்லறைகளில் பக்கிள் அரிது, என்ன கட்டினார்கள் என்று உறுதியாகத் தெரியாது என்றேன்.

"துணியைத்தான் சுத்தி சொருகியிருப்பாங்க. அது மக்கிப் போயிருக்கும். இதுக்கு இன்னா ஆராய்ச்சி," என்றவர், "அந்த பக்கிளைப் பெருசு பண்ணுங்க," என்றார்.

பெரிதாக்கினேன். பக்கிளின் நாக்கு வந்து உட்காரும் விளிம்பை விரலால் தொடாமல் காட்டினார்.

"தேஞ்சிருக்குது பாருங்க. நடுவுல தேயணும், ஒரு ஓரமா தேஞ்சிருக்குது. ஒரே பக்கமா கனமா எதையோ மாட்டியிருக்கான். எங்க வீட்டுக்காரர் பிளம்பரு, ஸ்பேனரெல்லாம் ஒரே பக்கந்தான் தொங்கும். அவர் பக்கிளும் இப்படித்தான் இருக்கும்."

நான் படித்த எதிலும் அந்த மனிதன் நடக்கவில்லை. இங்கே ஒரு பக்கம் இழுக்கும் இடுப்போடு நடந்து போனான்.

இரண்டாவது பெல்ட்டை அவர் ஒற்றைத் தோலில் செய்தார். உள்ளே லைனிங் இல்லை, விளிம்பில் பெயின்ட் இல்லை. படத்து அளவுக்கே வார்த்து வாங்கிய பக்கிளில் வாரை மடித்துக் கையால் தைத்தார். நுனியை நீளமாக விட்டார். ஒவ்வொரு தையலுக்கும் மூச்சைப் பிடித்து விட்டார். இதுவும் திரும்பி வந்தால் அவர் மறுபடி பசை வாடைக்குள் போக வேண்டும். கூரியர் கிளம்பும் முன் மேனேஜரிடம் போய், முதல் தடவை அளவைத் தப்பாக அச்செடுத்தவன் நான் என்று சொன்னேன்.

"நீங்களா? தேதி தப்பா போட்டேன்னு என்னையே மூணு தடவை திருத்தினீங்களே சார்." பிறகு, விடுங்கள் என்பதைக் கன்னடத்தில் சொன்னார். "ஆய்த்து பிடி சார், போனது போகட்டும். ஆனா இது ரிட்டர்ன் வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. பெல்ட் சரி, அதேபோல அறுபது வேண்டும். சாம்பிள் மேசையில் ஆம்பூர்க்காரப் பெண்ணே இருக்கலாம் என்று மேனேஜர் சொன்னார். அந்தப் பெண் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, அடுத்த வேலையை எடுத்தார்.

தேய்மானத்தைப் பற்றி அந்தக் கடைக்கு எழுதியிருந்தேன். அருங்காட்சியகத்திடம் கேட்டுச் சொல்வதாக எழுதினார்கள். இதுவரை பதில் இல்லை. மண்ணின் அழுத்தத்தாலோ சுத்தம் செய்தபோதோ அந்த விளிம்பு அப்படி ஆகியிருக்கவும் கூடும். அந்த மனிதன் ஒரு பக்கமாகக் கனம் சுமந்தான் என்பதை யாரும் இன்னும் உறுதி செய்யவில்லை.