கிளாஸ் 26இல் நான் அடைத்த இரண்டு குழிகள்

1. பல்லில் இருந்து என்ஜினுக்கு

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் பதினெட்டு வருடம் பல் கட்டும் லாபில் வேலை செய்தேன். அதைப் பூட்டியபோது எனக்கு நாற்பத்தொன்பது வயது. அந்த வயதில் இன்னொரு வேலை தேடுவது என்ன பாடு என்று தேடியவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் தெருவில் இருக்கும் சிவம் அண்ணைதான் தான் வேலை செய்யும் இடத்துச் செஃபிடம், அதாவது முதலாளியிடம், எனக்காகப் பேசி அங்கே சேர்த்துவிட்டார்.

அங்கே ஸ்கொட்லாந்தில் ஓடிய டீசல் என்ஜின்களையும் பெட்டிகளையும் நாற்பத்துமூன்றில் ஒரு பங்கு அளவில் மாதிரிகளாகச் செய்கிறோம். ஜெர்மன்காரன் ஏன் ஸ்கொட்லாந்து என்ஜினுக்காக உயிரை விடுகிறான் என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் செஃப் அப்படித்தான். கதவுப் பிடி அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்காது.

சிவம் அண்ணை பெயின்ற் அடிப்பார். அதற்கு முன்னர் ரெசினில் வார்த்த உடம்பைச் சுத்தமாக்குவது என் வேலை. காற்றுக் குமிழி விட்ட பள்ளங்களைப் புட்டிப் பசையால் அடைத்து, அரத்தாளால் தேய்த்துக் கொடுக்க வேண்டும். இதைத்தானே பதினெட்டு வருடமாகப் பல்லுக்குச் செய்தேன் என்று எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம். எந்த வேலைக்கும் முன் சுவரில் குத்தியிருக்கும் அசல் என்ஜினின் படத்தைப் பார்க்க வேண்டும் என்பது செஃபின் சட்டம். தேய்க்கிறவளுக்கு எதற்குப் படம் என்று நான் அதைப் பார்ப்பதே இல்லை.

முதல் ஆறு மாதம் புரோபெட்சைட், ஆளைச் சோதித்துப் பார்க்கும் காலம். பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். ஐந்தாவது மாதத்தில் கிளாஸ் 26 என்ற வகை என்ஜின் ஒன்று வேலைக்கு வந்தது. ஸ்கொட்லாந்தில் இன்வர்னஸ் பக்கம் என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு, ஜெர்மனியில் இருக்கும் அவருடைய மகள் கொடுத்த ஓடர். அப்பாவுக்குக் கண் பார்வை போய்விட்டது, இப்போது ஞாபகமும் போகிறதோ என்று பயப்படுகிறார், தான் ஓட்டிய என்ஜினைக் கையில் வைத்துத் தடவிப் பார்க்கட்டும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

2. படத்தில் இருந்தது

அந்த நேரம் பார்த்து செஃப் முழங்கால் ஒப்பரேஷனுக்குப் போய்விட்டார். என் வேலையைப் பார்க்க ஆளில்லை. பெரியவர் மகளோடு அதை வாங்க வருவதற்கு முதல் நாள் மூன்று மணிக்கு, கைகழுவப் போகும்போது தற்செயலாகச் சுவரைப் பார்த்தேன். படத்தில், ஓட்டுநர் அறையின் பக்கச் சுவரில், சின்னக் கதவளவுக்கு ஒரு குழி கறுப்பாகத் தெரிந்தது.

வார்ப்பில் அந்தக் குழி இரண்டு முனையிலும் ஒரேமாதிரி இருந்தது. அச்சிலேயே கோளாறு என்று நானாகவே முடிவெடுத்து, இரண்டையும் அடைத்து, கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கிக் கொடுத்திருந்தேன். அதன்மேல் பெயின்றும் ஏறி, இலக்கங்களும் ஒட்டியாகிவிட்டது.

அது என்ன குழி என்று சிவம் அண்ணை அப்போதுதான் சொன்னார். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரே ரயில் வராது என்பதற்கு அத்தாட்சியாக ஓட்டுநருக்கு ஒரு உலோக வில்லை கொடுப்பார்களாம். ரயில் ஓடும்போதே அதை வாங்கிக் கொடுக்கும் இரும்புக் கை அந்தக் குழிக்குள்தான் இருக்குமாம்.

"தோண்டி எடுக்கலாமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இனி ஏலாது தங்கச்சி. சுவர் மெல்லிசு, வெடிச்சிடும்." கையைத் துணியில் துடைத்தார். "அவருக்குக் கண் தெரியாதுதானே. சும்மா இருங்கோ. உங்களைச் சேர்த்துவிட்டது நான். என்ரை பேரும் இதிலை கிடக்கு."

சரி என்று தலையாட்டினேன். அன்று பின்னேரம் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். ஐம்பது வயதில் மறுபடியும் வேலை கேட்டுக் கடிதம் எழுதும் நிலை வந்துவிடுமோ என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் ஓடவில்லை.

3. பதினொரு மணி

மறுநாள் செஃப் ஊன்றுகோலோடு, பெரியவருக்குக் குறித்திருந்த பதினொரு மணி டெர்மினுக்கு நேராக வந்தார். அவரால் குனிந்து என்ஜினை உற்றுப் பார்க்க முடியவில்லை. பெரியவர் மேசை முன் இருந்து என்ஜினை இரண்டு கையாலும் தொட்டார். மூக்கு, சன்னல், பஃபர் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிச் சிரித்தார். பிறகு விரல் பக்கச் சுவருக்கு வந்தது. வந்து நின்றது.

விரல் முன்னும் பின்னும் மூன்று தடவை போனது. மற்ற முனையிலும் தேடியது. அவர் கோபப்படவில்லை. முகம் மட்டும் வாடிப்போனது. மகளின் பக்கம் திரும்பி மெதுவாக இங்கிலிஷில் சொன்னார். என் அரைகுறை இங்கிலிஷுக்கும் விளங்கியது.

"இங்கேதான் இருந்தது என்று நினைத்திருந்தேன். எனக்கு அதுவும் மறந்துவிட்டது போல."

சிவம் அண்ணை என்னைப் பார்க்கவில்லை. நான் அதற்குமேல் தாங்கவில்லை. "உங்களுக்கு மறக்கவில்லை. குழி அங்கேதான் இருந்தது. நான்தான் அடைத்துவிட்டேன்," என்று ஜெர்மனில் சொன்னேன். மகள் மொழிபெயர்த்தாள். ஏன் அடைத்தாய் என்று அவர் கேட்டார். நான் பல் செய்தவள், குழியைக் கண்டால் கை நிற்காது என்றேன். பெரியவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

செஃப் சிரிக்கவில்லை. அவர்கள் போனபிறகு கூப்பிட்டு, எப்போது தெரியும் என்று ஒரே கேள்வி கேட்டார். நேற்று மூன்று மணிக்கு என்றேன். அடைத்ததற்காக என்னை அனுப்ப மாட்டாராம். மூன்று மணியிலிருந்து வாய் திறக்காமல் இருந்ததற்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டுமாம். புரோபெட்சைட்டின் கடைசி நாள் வரைக்கும் யோசித்தார் அந்த மனிதர். கடைசியில் என்னை வேலையில் வைத்துக்கொண்டார்.

புது உடம்பு வார்த்து, படத்தைப் பக்கத்தில் வைத்துச் செய்து கொடுத்தோம். பெரியவரின் விரல் குழிக்குள் போய் அங்கேயே இருந்தது. வேறொன்றும் சொல்லாமல் மகளின் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கை வைக்க முன் படத்தைப் பாருங்கள். பிழை விட்டால் அந்த மணித்தியாலமே சொல்லுங்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு மனிதர் என் முன்னாலிருந்து தன் ஞாபகத்தையே சந்தேகித்த அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.