கருவாட்டுக்காரம்மாவின் பூனை

கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரியில் எங்கள் பூனைக்குத் தடுப்பூசி போடக் காத்திருந்தபோது, ஒரு கருவாட்டுக்காரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நெற்றி நிறையக் குங்குமம், சேலையெல்லாம் கருவாட்டு வாசம். மடியிலிருந்த கூடையில் எலும்பும் தோலுமாய் ஒரு கிழட்டுப் பூனை, மூச்சுக்கு மூச்சு முனகியது.

"கிட்னி போயிடுச்சு, ஊசி போட்டு நோவாம அனுப்பிடலாம்னு டாக்டர் அப்பவே சொன்னாருங்க. கருவாட்ட வேணாங்கற அன்னிக்குத் தூக்கியாரேன்னேன்."

ஆனாலும் சற்றைக்கொரு தரம் முந்தானை முடிச்சிலிருந்து நெத்திலி ஒன்றை எடுத்து அதன் மூக்கருகே நீட்டினார். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசித் தடவை நாக்கு மெல்ல வெளியே வந்தது.

"தின்னுதுங்களா?" என்றேன், ஆசையாக.

"இல்லீங்க. நெத்திலிய வுட்டுட்டு என் விரல நக்கிக்கினு இருக்குது." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத இன்னான்னு எடுத்துக்கறது? இருக்கேங்குதா, போறேங்குதா?"

டாக்டர் கூப்பிட்டதும் உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது கூடையைத் துண்டு மூடியிருந்தது. அந்த விரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்திருந்தார்.

இப்போதெல்லாம் எங்கள் பூனை நக்க வந்தால் கையை இழுத்துக்கொள்கிறேன்.