பாவம் மேடம்

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பாவம் மேடம்'. பாவம் பார்க்கிறவர் என்பதால் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை ஓரங்கட்டாமல் எல்லோரோடும் சேர்த்து வைத்துக் கற்பிப்பது எப்படி என்று மழலையர் பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. எங்கள் பள்ளிக்கு மூன்று நாள் வந்தார்.

முதல் நாளே நான் மாட்டிக்கொண்டேன். என் வகுப்பில் வாக்கரைத் தள்ளி நடக்கிற நான்கு வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். "பாவம் மேடம், நடக்கச் சிரமப்படுறா. நானே தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றேன், பாராட்டுக் கிடைக்கும் என்ற நினைப்பில்.

"அவ என்ன பாவம் பண்ணா?" என்று கேட்டார். அறையே சிரித்தது. என் முகம் தொங்கிப்போனது. "தூக்கித் தூக்கி வச்சா அவ எப்பம்மா நடப்பா?"

அவரும் பன்னிரண்டு வருடம் எங்களைப் போல டீச்சராக இருந்தவர்தான். சாப்பிடும்போது சொன்னார்: "எங்க ஸ்கூல்ல காது கேக்காத பிள்ளை ஒண்ணை வேணாம்னு வெளியே அனுப்பிட்டாங்க. நானும் பாவம்னு உச்சுக்கொட்டிட்டு வீட்டுக்குப் போய் நல்லா தூங்கினேன். இப்ப நினைச்சாலும் என்மேலயே ஆத்திரமா வருது."

மூன்றாம் நாள் எங்கள் தலைமையாசிரியை அவரிடம் ஒரு தாளை நீட்டினார். வாக்கர்க்காரியை இங்கே வைத்துக்கொள்ள முடியாது, வேறு இடம் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தது. "ஒருத்தியால மொத்த வரிசையும் லேட்டாகுது. நீங்க கையெழுத்துப் போட்டா அடுத்த வருஷமும் உங்களையே கூப்பிடுவோம்."

"கூப்பிடாதீங்க" என்று பாவம் மேடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "முடியுமா முடியாதான்னு அவ டீச்சர் சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வேலையும் தலைமையாசிரியை கையில்தானே இருந்தது! விளையாட்டு நேரமாகியிருந்ததைச் சாக்காக வைத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போனேன். வாக்கர்க்காரியை முதல் ஆளாக நிறுத்தினேன்.

வாக்கர் ஓரடி, அவள் ஓரடி. தூக்கிவிடப் பரபரத்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பின்னால் நின்ற வாண்டு, "சீக்கிரம் போ" என்றது. அவள் நின்று, திரும்பி, "இரு" என்று ஓர் அதட்டு அதட்டினாள். வாண்டு கப்சிப். அந்த அதட்டலைக் கேட்டதும் எனக்கு என் பயத்தை நினைத்து வெட்கமாகிவிட்டது.

தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "டீச்சர், நேரமாகுது."

"ஆகட்டும் மேடம்" என்றேன். "இவ என் வகுப்புப் பிள்ளை. எங்கயும் அனுப்ப மாட்டேன்."