சுண்ணாம்புக்கு அடியில் ஓர் ஊர்

அப்பா அருப்புக்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் "பூர்வீகம் எது?" என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவருடைய தாத்தா வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானபோது சொந்தக்காரர்கள் அடித்து விரட்டினார்கள் என்பது எங்கள் வீட்டுக் கதை. எந்த ஊரிலிருந்து விரட்டினார்கள் என்பது மட்டும் கதையில் இல்லை. கண்ணை மூடுவதற்குள் அது தெரிந்தாக வேண்டும் என்று போன வருடம் அப்பா பிடிவாதம் பிடித்தார்.

கல்லறைத் திருநாளுக்கு அந்தத் தாத்தாவின் கல்லறைக்கு வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். வருடா வருடம் அடித்ததில் சுண்ணாம்பு அடை கனத்துக்கு ஏறியிருந்தது. இந்த முறை நான் தோசைக்கரண்டியை எடுத்துப்போய்ச் சுரண்டினேன். பெயருக்குக் கீழே ‘பரளச்சி’ என்று வந்தது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இத்தனை காலமும் பக்தியோடு அந்த ஊரை மூடி வைத்தது நாங்களேதான்!

மாதா கோயிலில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பங்குச் சாமியார் எடுத்துத் தந்தார். தாத்தாவின் பழைய பெயரும் அவருடைய அப்பா பெயரும் அதில் இருந்தன. ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு பரளச்சிக்குக் கிளம்பினோம். மறுபடியும் விரட்டிவிடுவார்களோ என்ற பயத்தில், திரும்பி வரும் பஸ் எத்தனை மணிக்கு என்று அப்பா வழி முழுக்க விசாரித்துக்கொண்டே வந்தார்.

டீக்கடையில் அப்பா வயதுக்காரர் ஒருவரிடம் பெயர்களைப் படித்துக் காட்டினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அட, ஆடு தேடிப் போனவுக வீடா! நான் உங்க பங்காளிதாண்ணே. போன ஆடு கெடச்சுதா இல்லையா?"

யாரும் விரட்டவில்லையாம். காணாமல்போன ஆட்டைத் தேடிப் போனவர் திரும்பவில்லை, அவ்வளவுதான். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது.

மாசியில் குலசாமி கும்பிட எங்களையும் அழைத்தார்கள். கிடா வெட்டி, கறியைப் பங்காளி வீடுகளுக்குக் கூறு போட்டு, ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் வருடம் தவறாமல் ஒரு கூறு வைக்கிறார்களாம். கூப்பிடும்போது டீக்கடைப் பங்காளிதான் "வருவாக, வையி" என்று பதில் சொல்வாராம். பிறகு அந்தக் கறியும் அவர் வீட்டுக்குத்தான் போகுமாம்.

"ஆடு தேடிப் போனவுக வீடு!"

பங்காளி பழக்கதோஷத்தில் "வருவா..." என்று ஆரம்பித்தார்.

அப்பா எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு, "வந்துட்டோம்" என்றார்.