விபத்து நடந்த விதம்

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரங்களில் றோசலின் அக்கா தன் கணவர் கீதன் அண்ணனைத் திருப்பிப் படுக்க வைப்பார். விடியற்காலைச் சுபஹுக்கு வலப்பக்கம், நண்பகல் லுஹருக்கு இடப்பக்கம், பிற்பகல் அஸருக்கு மறுபடியும் வலம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பாங்குகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்குக் கைபேசியில் அலாரம் வைத்திருந்தார். ஒருநாள் சாவீட்டுக்குப் போய்த் திரும்பச் சுணங்கியதில் கீதன் அண்ணனின் இடுப்புக்குக் கீழே சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அது புண்ணாகி ஆறுவதற்கு மூன்று மாதங்கள் எடுத்தன. அதன் பிறகு அக்கா சாவீடுகளுக்கும் போவதில்லை.

"எங்கட மனிசன்கூட அஞ்சு நேரத்துக்கும் இவ்வளவு ஒழுங்கில்ல" என்பார் பக்கத்து வீட்டு றஹ்மா ராத்தா. "நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரனப் பாங்குக்குப் பழக்கி வச்சிருக்காய் புள்ள."

கீதன் அண்ணன் படுத்தபடியே சிரிப்பார். இடுப்புக்கு மேலே அவருக்கு ஒரு குறையும் இல்லை. பேச்சும் பகிடியும் முன்பு போலவே இருந்தன. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. சலம் போவதும் குழாய் வழியாகத்தான்.

அவர்கள் இருப்பது ஆலங்குடாவில். றோசலின் அக்கா மன்னார்ப் பக்கத்தில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் ஐந்து வயதுப் பிள்ளையாகத் தாயோடும், கைக்குழந்தையாக இருந்த தம்பியோடும் இந்தக் கரைக்கு வந்தார். அக்கா வளர்ந்து வரும்போதே தாய் இறந்துவிட்டார். தம்பி கிரிசாந்தை வளர்த்தது அக்காதான். நுரைச்சோலைத் தோட்டங்களில் வெங்காயம் பிடுங்கி, மிளகாய் ஆய்ந்து, அவனைப் பத்தாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். அவன் படிப்பை விட்டுக் கடலுக்குப் போனபோது, கூடக் கூட்டிப்போய் அவனுக்குத் தொழில் பழக்கியவர் கீதன் அண்ணன். சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கிக் கடலட்டை பிடிக்கிற தொழில்.

போன மாசி மாதத்தில் ஒருநாள் அப்படி இறங்கி மேலே வந்தபோதுதான் கீதன் அண்ணனின் கால்கள் விறைத்தன.

நுரைச்சோலைச் சந்தியில் எங்களுக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. படிவம் நிரப்ப வருகிறவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுப்பேன். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்த உதவிக்குரிய படிவத்தோடு றோசலின் அக்கா அங்கே வந்தார். பிரதேச செயலகத்திலிருந்து கொடுத்த படிவம் அது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி முடித்து 'விபத்து நடந்த விதம்' என்ற பெட்டிக்கு வந்தேன்.

"கடல்ல போட்டுக்குள்ள சறுக்கி விழுந்தவர் எண்டு எழுதுங்க, தங்கச்சி."

எழுதினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் வந்து, "விழுந்தவர் எண்டுதானே போட்டனீங்க? வேற ஒண்டும் போடேல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். மூன்றாம் நாளும் வந்தார். கடையில் ஆட்கள் இருந்ததால் வெளியே வெயிலில் நின்றார். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"படிவத்தில பொய் எழுதினா என்ன செய்வாங்கள்?"

அன்றுதான் அவர் நடந்ததைச் சொன்னார்.

படகு கிரிசாந்துடையது. சிலிண்டர் கட்டி இறங்குவதற்கான அனுமதிப் பத்திரத்தை அந்த வருடத்துக்கு அவன் புதுப்பிக்கவில்லை. ஆழத்தில் சுழியோடி வேகமாக மேலே வருகிறவர்களுக்குப் பிடிக்கும் நோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் விசாரணை வரும், படகைப் பிடிப்பார்கள், தம்பியையும் பிடிப்பார்கள் என்று பயந்து, விழுந்ததாகச் சொல்லிவிட்டார்கள். கீதன் அண்ணனும் அதற்குத் தலையாட்டினார். அந்தப் பொய்தான் நோய்க் குறிப்பு அட்டையில் ஏறி, அட்டையிலிருந்து இப்போது படிவத்துக்கும் வந்திருந்தது.

"இவ்வளவு நாளும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல" என்றார். "இப்ப கிளினிக்கில கேக்கத் தொடங்கீட்டாங்கள்."

முதுகெலும்பில் உடைவு ஒன்றும் இல்லையாம். அப்படியென்றால் உள்ளே கட்டி ஏதாவது நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்கக் கொழும்புக்கு அனுப்பப் போகிறார்களாம். வைத்தியர் நேர்ஸிடம் பேசிக்கொண்டிருந்ததில் 'ஒப்பரேசன்' என்ற சொல் அக்காவின் காதில் விழுந்திருக்கிறது. படிவத்தின் மருத்துவப் பக்கத்தை நிரப்ப வேண்டியவரும் அதே வைத்தியர்தான். வரும் செவ்வாய்க்கிழமை நோயாளியோடு வரச் சொல்லியிருந்தார்.

"இல்லாத கட்டிக்கு முதுகை வெட்டிப்போடுவாங்களோ, தங்கச்சி?"

உண்மையைச் சொன்னால் தம்பி மாட்டிக்கொள்வான். அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். சொல்லாவிட்டால் கணவரை எங்கே கொண்டுபோய் என்ன செய்வார்களோ தெரியாது. இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாங்குச் சத்தம் கேட்டதும் எழுந்தார். செவ்வாய்க்கிழமை தன்னோடு வந்து சிங்களத்தில் கதைக்க முடியுமா என்று வாசலில் நின்று கேட்டார். ஓம் என்றேன்.

தம்பியிடம் கேட்டுப் பார்த்தாராம். அவன் படகு இயந்திரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். "இப்ப சொல்லி என்ன, அக்கா? கால் வரப்போகுதா?" என்றானாம். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஆலங்குடாவுக்குப் போனபோது எல்லோருக்கும் முன்பே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். கிளினிக் நாட்களில் அத்தானைத் தூக்குவது எப்போதும் அவன்தான். வேறு யாரையும் விடமாட்டான்.

வாடகைக்குப் பிடித்த வானின் பின் ஆசனத்தில் கீதன் அண்ணனைக் கிடத்தினார்கள். கிரிசாந்துக்கு மூச்சு வாங்கியது.

"ஒரு சாக்குக் கருவாடு தூக்கின மாதிரி இழுக்கிறாய்" என்றார் கீதன் அண்ணன். "உன்ட அக்கா சோறு போடுறதில்ல, நான் என்ன பாரமே?"

"அக்கா உங்களுக்கு மட்டும் ஒளிச்சுப் போடுறா போல, அத்தான்."

றோசலின் அக்கா சிரிக்கவில்லை. எக்ஸ்ரே, அட்டை, படிவம் எல்லாம் இருந்த கோப்பை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தார். அடுத்து எப்போது திருப்ப வேண்டும் என்று வழி முழுவதும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் எங்கள் இலக்கம் வரும்போது நடுப்பகல் தாண்டிவிட்டது. கீதன் அண்ணனை அறையிலிருந்த கட்டிலில் கிடத்தினார்கள். வைத்தியர் இளம் வயதுக்காரர். எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"தங்கை, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாரென்று கேளுங்கள்" என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னார்.

நான் தமிழில் கேட்டேன். அக்காவுக்குச் சிங்களம் விளங்கும். கேள்வி எனக்கு விளங்கிய அதே நேரத்தில் அவருக்கும் விளங்கியிருந்தது. ஆனாலும் நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். யோசிப்பதற்கு அவருக்கு அந்த அவகாசம் தேவைப்பட்டது.

"போட்டுக்குள்ளதான். இருக்கிற பலகையில இருந்து."

வைத்தியரிடம் சொன்னேன். அவர் படத்தை மேசையில் வைத்தார்.

"அது இரண்டு அடிகூட இருக்காது. எலும்பில் ஒரு கீறலும் இல்லை. இப்படி விழுந்து இரண்டு கால்களும் போகாது. உள்ளே வேறு ஏதோ இருக்கவேண்டும். கொழும்பில் ஸ்கான் எடுக்கட்டும். தேவைப்பட்டால் முதுகைத் திறந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு இந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். காரணம் தெரியாமல் நான் கையெழுத்து வைக்க முடியாது."

நான் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் றோசலின் அக்கா பேசத் தொடங்கிவிட்டார், சிங்களத்திலேயே. சந்தையில் வெங்காயம் விற்றுப் பழகிய சிங்களம் அது. அங்கங்கே தட்டுத்தடுமாறியது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"டொக்டர், அவர் விழவில்லை. கடலுக்குள்ள இறங்கினவர். சிலிண்டரோட. பேமிட் இல்லை. நாங்கள்தான் பொய் சொன்னது."

எனக்கு அப்போதைக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. கிரிசாந்த் கதவோரத்தில் நின்றான். அக்கா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வைத்தியர் பேனையை மூடி வைத்தார். எவ்வளவு ஆழம், எத்தனை தடவை என்று கேட்டார்.

"தம்பி, நீ சொல்லு" என்றார் அக்கா.

கிரிசாந்த் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "பதினாறு பாகம். மூண்டு தரம்."

அதைச் சிங்களத்தில் சொன்னேன். பாகம் என்பது வைத்தியருக்கு விளங்கவில்லை. கிரிசாந்த் முன்னால் வந்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக் காட்டினான். "இது ஒரு பாகம். இப்பிடிப் பதினாறு." வைத்தியர் ஒரு தாளில் கணக்குப் போட்டார்.

"கடைசியாக மேலே வந்தது எத்தனை மணிக்கு?"

"பதினொண்டு இருக்கும்."

"இங்கே கொண்டுவந்தது மாலை ஏழு மணி என்று அட்டையில் இருக்கிறது."

றோசலின் அக்கா இப்போது அவன் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தைப் பற்றி அவர் இதுவரை யோசித்ததே இல்லை. கடல் தூரம், அதனால் சுணங்கியது என்றுதான் நினைத்திருந்தார்.

"அவ்வளவு நேரமும் எங்கயடா நிண்டனீங்க?"

"திரும்ப இறக்கினம், அக்கா." அவன் குரல் நன்றாக இறங்கியிருந்தது. "புதுச் சிலிண்டர் கட்டி. கை கால் விறைச்சா எல்லாரும் அப்பிடித்தானே செய்யிறது. கீழ போக அவருக்குச் சுகமா இருந்திச்சு. காலை ஆட்டிக் காட்டினார். மேல வரத் திரும்ப விறைச்சிட்டுது. பிறகும் இறக்கினம். இருந்த சிலிண்டரெல்லாம் முடியும் மட்டும் இறக்கினம்."

அதை நான் சிங்களத்தில் சொன்னேன். வைத்தியர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கேட்பதற்கு இலகுவாக இருந்திருக்கும்.

"அன்றைக்குச் 'சுழியோடினார்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அன்றே இதற்குச் சிகிச்சை தரும் காற்றழுத்த அறை இருக்கும் இடத்துக்கு அனுப்பியிருக்கலாம். எல்லோரும் எழுந்து நடப்பதில்லை. சிலர் நடக்கிறார்கள்."

யாரும் என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது.

பிறகு கட்டிலில் இருந்து கீதன் அண்ணன் பேசினார்.

"நான்தான் திரும்ப இறக்கச் சொன்னனான். அவன் கரைக்குப் போவம் எண்டுதான் நிண்டவன்."

கிரிசாந்த் நிமிர்ந்து அத்தானைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். கீதன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

றோசலின் அக்கா கொஞ்ச நேரம் கோப்பின் நாடாவைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு வைத்தியரிடம், "பொலிசுக்கு எழுதுவீங்களா?" என்று கேட்டார்.

வைத்தியர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "இதில் பேமிட்டைப் பற்றிக் கேள்வி இல்லை. எனக்குத் தேவை காரணம். பொய்க்குப் பதிலாக நடந்ததை எழுதி, அங்கே இருந்த ஒருவர் கையெழுத்து வைக்கட்டும்."

பெட்டியில் நான் எழுதியிருந்ததைக் குறுக்காக வெட்டினேன். அதற்குக் கீழே இடம் போதாததால் தனித்தாள் ஒன்றில் எழுதினேன். ஆழம், தடவைகள், மேலே வந்த நேரம், திரும்ப இறக்கியது. கிரிசாந்த் ஒவ்வொரு வரியாகச் சொன்னான். ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. முடிந்ததும் தாளைத் தன் பக்கம் இழுத்து, தகப்பன் பெயரோடு சேர்த்துத் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தான். வெளியே போகும் தாள் அது. அதை யார் யார் வாசிப்பார்கள் என்பது அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது.

வைத்தியர் மருத்துவப் பக்கத்தை நிரப்பினார். கொழும்புக்குப் போகத்தான் வேண்டும் என்றார். ஆனால் கட்டி தேடுவதற்கு அல்ல. உடற்பயிற்சிப் பிரிவுக்கும், சலப்பையைப் பரிசோதிக்கவும். முதுகைத் திறப்பது பற்றி இனிப் பேச்சு இல்லை. காலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உதவிப் பணத்தைத் தீர்மானிப்பது செயலகம். அதற்குக் காத்திருக்க வேண்டும் என்றார்.

வான் நின்ற இடத்துக்கு வந்ததும் கிரிசாந்த் அத்தானைத் தூக்கக் குனிந்தான். கைகளைக் கீழே கொடுத்தான். தூக்காமல் அப்படியே நின்றான்.

"தூக்கு" என்றார் கீதன் அண்ணன். "மெல்லடா. மேல வரேக்க மெல்லத்தான் வரவேணும். எத்தினை தரம் சொல்லித் தந்தனான்."

கிரிசாந்த் மெல்லத் தூக்கினான்.

திரும்ப இறக்கச் சொன்னது உண்மையிலேயே கீதன் அண்ணன்தானா என்று றோசலின் அக்கா அவரிடம் கேட்டாரா? இதை எழுதும் இன்றுவரை கேட்கவில்லை என்றே எனக்குத் தெரியும். அன்று வரும் வழியில் தம்பியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பாலாவிப் பக்கம் வரும்போது ஒரு பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள். அக்கா சட்டென்று முன்னால் சாய்ந்து சாரதியின் ஆசனத்தைத் தட்டினார்.

"ஓரமா நிப்பாட்டுங்க, தம்பி. திருப்ப வேணும்."

வான் தெருவோரத்தில் நின்றது. அக்கா கணவரின் இடுப்புக்குக் கீழே கைகளைக் கொடுத்தார். ஒருவர் மட்டும் அந்த ஒடுங்கிய ஆசனத்தில் திருப்ப முடியாது.

"தோளைப் பிடி" என்றார்.

கிரிசாந்த் தோளைப் பிடித்தான்.